அந்த இறக்கம்

நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். பேஸ் கிட்டார்காரர்களைப் பற்றி டிரம்ஸ்காரன் சொன்னால் தாராளமாக நம்பலாம். மேடையில் காலமெல்லாம் அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவன் நான். பாடுகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும். லீட் கிட்டாருக்கு விசில் கிடைக்கும். பேஸ்காரர்கள் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொண்டால்தான் உண்டு. அதனாலோ என்னவோ, இன்னொருத்தன் வாசிப்பை மனசாரப் புகழ இவர்களை விட்டால் ஆளில்லை.

தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு டீக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஊரில் உள்ள பேஸ்காரர்கள் எல்லாம் அங்கே கூடிவிடுவார்கள். எந்தக் கிட்டார் நல்ல கிட்டார், எவன் பெரிய ஆள் என்று பேச்சு ஓடும். டீ ஆறிப் போகும்.

நோரீன் மாஸ்டரும் அங்கே வருவார். பெரம்பூரில் பிறந்து, சென்னை ஸ்டுடியோக்களில் பேஸ் வாசித்துவிட்டு, துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வாழ வந்த பெண்மணி. இங்கே இருக்கிற பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் மாஸ்டர்தான். முதல் நாள் அவர் எங்களோடு ஒரே ஒரு பாட்டு வாசித்தார். அதற்குப் பிறகு யாரும் வயதைப் பற்றிப் பேசவில்லை.

"மாஸ்டர், நாலு கம்பி நல்லதா, அஞ்சு கம்பி நல்லதா?" என்று அமலன் ஒருநாள் கேட்டான். அவன் அஞ்சு கம்பி வாங்கிப் புதுசு.

"என்ன வண்டி வச்சிருக்கீங்க?"

"ஸ்கூட்டர்."

"ரெண்டுமே அதுல போகும்."

"சரி, விரலால வாசிக்கணுமா, பிளெக்ட்ரம் தகடாலயா?"

"விரல்ல காயம் இருக்கா?"

"இல்லையே."

"அப்போ விரல்."

"கம்பியை எப்போ மாத்தணும் மாஸ்டர்?"

"அறுந்துதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

எல்லோரும் சிரித்தோம். அமலன் விடவில்லை. "கடைசியா ஒண்ணு. பேஸ்ல பெரிய ஆளு யாரு?"

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் கிளீட்டஸ் முந்திக்கொண்டார்.

"நான் சொல்லுதேன். நம்ம மாதா பாட்டுல வாசிச்ச ஆளு. அவருக்கு மேல ஒருத்தன் பொறக்கணும்."

கிளீட்டஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் கோயில் இசைக்குழுவில் பேஸ் அவர்தான். தன்னைவிடச் சின்னவரான நோரீனிடம் சிஷ்யனாகச் சேர்ந்தபோது கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. அவர் "மாஸ்டர்" என்பார். மாஸ்டர் அவரை "அண்ணே" என்பார். கேட்கவே நன்றாக இருக்கும்.

அவர் சொன்ன மாதா பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் கோயில் பங்குக்காகச் சென்னையில் பதிவு செய்த பாட்டு. சிடி அட்டையில் பாடினவர் பெயர், இசையமைத்தவர் பெயர், பங்குச் சாமியார் படம் எல்லாம் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் மட்டும் இருக்காது. அதில் இரண்டாம் சரணத்தில் பாடகி மேலே ஏறி ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்போது கீழே பேஸ் மெதுவாக இறங்கும். லிஃப்ட் சட்டென்று கிளம்பினால் வயிற்றில் ஒன்று பண்ணுமே, அப்படி இருக்கும். எங்கள் ஊர் பேஸ்காரர்கள் அதற்கு "இறக்கம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதை எப்படி வாசித்தார்கள் என்று அடிதடி ஒன்றுதான் பாக்கி. விரலைக் கம்பியில் இழுத்தார் என்பான் ஒருவன். அது கழுத்தில் ஃப்ரெட் கட்டைகளே இல்லாத, வெறும் கோடு போட்ட கிட்டார் என்பான் இன்னொருவன். வெளிநாட்டுக் கருவி என்று அமலன் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை. "அந்த மனுசன் விரலைத் தொட்டுக் கும்பிடணும்வே" என்பார் கிளீட்டஸ். எல்லோரையும்விட அதை அச்சு அசலாக வாசிக்கிறவர் அவர்தான். வருஷக்கணக்காக ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதையே வாசித்துப் பழகியவர்.

நோரீன் மாஸ்டர் அன்றைக்கு இன்னொரு டீ சொன்னார்.

அந்த வருஷம் திருவிழா மேடையில் மாதா பாட்டைப் பாட கிளீட்டஸ் மகள் ஜெனிட்டாவுக்கு வாய்ப்பு வந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று பாடிய பெண். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தனியாக ஒரு பாட்டு பாட வேண்டும் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். குரல் தங்கம்.

ஆனால் ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் தடுமாறினாள். மேலே ஏறுவாள், பிடிப்பாள், கிளீட்டஸ் இறக்கத்தை வாசிப்பார், அவள் சுருதி நழுவிவிடும். மறுபடி பாடச் சொன்னோம். மறுபடியும் அதே இடத்தில் அதே தடுமாற்றம்.

குழுத் தலைவர் லாம்பர்ட் கீபோர்டை அணைத்தார்.

"கிளீட்டஸ், மனசு கஷ்டப்படாதீரும். சனிக்கிழமை ஒரு தடவை பார்க்கேன். அன்னைக்கும் தடுமாறினா நாகர்கோவில் பாட்டுக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டுருவேன். திருவிழா மேடையில்லா?"

ஜெனிட்டா கையிலிருந்த பாட்டுத் தாளை மடித்து, அதையும் மடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டாள். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கிளீட்டஸ் நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"மாஸ்டர், பிள்ளை குரல்ல ஒரு கொறையும் இல்ல. என் இறக்கம்தான் சரியா விழல. அதான் அவளுக்குப் பிடி கிடைக்கல. என் கிட்டார்ல அந்தச் சத்தம் வர மாட்டேங்கு."

"என் கிட்டாரை எடுத்துட்டுப் போங்க அண்ணே."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வேறு யார் அதைத் தொட்டாலும் முறைக்கிற ஆள் அவர். கிளீட்டஸ் அதை நற்கருணைப் பாத்திரம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிட்டாரில் இறக்கம் இன்னும் ஆழமாக விழுந்தது. ஜெனிட்டா இன்னும் மோசமாகத் தடுமாறினாள்.

சனிக்கிழமை வந்தது. லாம்பர்ட் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் ஒத்திகை அறைக்குப் போய்விட்டோம். கிளீட்டஸ் முகத்தில் ரத்தமே இல்லை. ஜெனிட்டா சுவரோரமாக நின்றாள். மாஸ்டர் வந்து கிளீட்டஸுக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர், காலைப் பிடிச்சுக் கேக்கேன். அந்த ஆளு எப்படி வாசிச்சாரோ அப்படியே எனக்குச் சொல்லிக் குடுங்க. என் பிள்ளை இன்னைக்குப் பாடியாகணும்."

"வாசிங்க. பாப்பா, நீயும் பாடும்மா. அந்த இடம் வரும்போது விரலை இழுக்காதீங்க அண்ணே. சுரத்தை அப்படியே பிடிச்சுட்டு நில்லுங்க."

வாசித்தோம். இரண்டாம் சரணம் வந்தது. ஜெனிட்டா மேலே ஏறினாள். கிளீட்டஸ் தடித்த கம்பியில் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் கையை நீட்டி, கிட்டார் தலையில் அந்தக் கம்பியை முறுக்கும் கீயைப் பிடித்து மெல்லத் தளர்த்தினார்.

சத்தம் இறங்கியது.

சிடியில் கேட்ட அதே இறக்கம். துளி வித்தியாசம் கிடையாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிளீட்டஸ் வெலவெலத்துப் போய்க் கையை எடுத்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீங்க கீயைத் தளர்த்திட்டீங்களே மாஸ்டர்!"

"ரெக்கார்டிங் அன்னைக்கு யாரும் தளர்த்தல. பழைய கிட்டார், கீ அதுவா நழுவிடுச்சு. ஆனா நான் நிறுத்தல."

கிளீட்டஸ் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்களா?"

"ம்."

"இத்தனை வருசமா டீக்கடையில அந்த ஆளு, அந்த ஆளுன்னு நாங்க பேசுதோம். நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிய!"

"நல்லாத்தானே பேசினீங்க. கேட்க எனக்கும் ஆசை இருக்காதா?"

நான் சிரித்துவிட்டேன். கிளீட்டஸ் சிரிக்கவில்லை. பாவம், அந்த மனிதர் கண் கலங்கிவிட்டது.

"அப்போ நான் வருசக்கணக்கா பழகினது ஒரு தப்பையா? கீ நழுவினதையா?"

"நழுவினதை மட்டும் பழகிட்டீங்க. அதுக்கு அடுத்த சுரத்தை யாருமே காதுல வாங்கல."

"அடுத்த சுரமா?"

"அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து ஒரே மூச்சுல வாசிச்சோம். பாடின அம்மா அவங்க தாயாரை அடக்கம் பண்ணிட்டு அப்படியே வந்து பாடினாங்க. கீழே சத்தம் இறங்கினதும் ஆடிப் போயிட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க முகத்தைப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அந்தக் கம்பி போச்சு. அடுத்த கம்பியில அவங்க சுரத்தைத் தேடி, காலடியில வச்சேன். அது மேல அவங்க உறுதியா நின்னுட்டாங்க. மறுபடி பாடச் சொல்ல அங்க யாருக்கும் மனசு வரல. அதான் அப்படியே போட்டுட்டாங்க."

கிளீட்டஸ் தலையைக் குனிந்துகொண்டு கிட்டாரையே பார்த்தார்.

"வாசிங்க அண்ணே" என்றார் மாஸ்டர். "இந்தத் தடவையும் கீயைத் திருகுவேன். எங்கே, எப்போன்னு சொல்ல மாட்டேன்."

சொன்ன மாதிரியே செய்தார். பல்லவியில் ஒரு கீயைத் திருகினார். சரணத்தில் இன்னொன்றைத் திருகினார். கிளீட்டஸுக்குத் தெரிந்த இடமெல்லாம் தெரியாத இடமாகிப் போனது. விரல் போன இடத்தில் சுரம் இல்லை. வேர்த்துக் கொட்டியது. கிட்டாரைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் மனிதர் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். அத்தனை ஒத்திகையிலும் அவர் அவளைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

அவள் பாடப் பாட, அவர் தடவித் தடவித் தேடினார். சில சுரம் கிடைத்தது, சில கிடைக்கவில்லை. கேட்க அவ்வளவு நன்றாக இல்லைதான், பொய் சொல்வானேன். ஆனால் ஜெனிட்டா கையிலிருந்த தாளைக் கீழே போட்டுவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் கிளீட்டஸ் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த இடத்துக்கு முன்னால நீ மூச்சு எடுக்கியே, அது பத்தலையோ?"

"பத்தலப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்க இறக்கத்தை ஆசையா வாசிப்பீங்கப்பா. அதான்."

கிளீட்டஸ் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு வெளியே போனார். முகம் கழுவிவிட்டு வந்தார். எல்லாக் கம்பியையும் மறுபடி சுருதி சேர்த்தார். அதற்குள் லாம்பர்ட்டும் வந்துவிட்டார்.

இந்தத் தடவை அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளீட்டஸ் கையை எடுத்தார். அவர் விட்டதும் நானும் விட்டேன். அந்த இடைவெளியில் ஜெனிட்டா நிதானமாக மூச்சு எடுத்தாள். அவள் மேலே ஏறும்போது கீழே ஒரே ஒரு சுரம் வந்து நின்றது. அது இறங்கவே இல்லை.

லாம்பர்ட் கீபோர்டுக்கு மேல் இருந்த போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "நாகர்கோவிலுக்கு நான் பேசல" என்றார்.

திருவிழா அன்றைக்குச் சரியான கூட்டம். மேடைக்கு முன்னால் பேஸ்காரர்கள் மொத்தமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வந்தது மாதாவுக்கா இறக்கத்துக்கா என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஜெனிட்டா நீலப் பாவாடை தாவணியில் வந்து மைக்கைப் பிடித்தாள். கிளீட்டஸ் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் சரணம் வந்தது. அமலன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். கிளீட்டஸ் கையை எடுத்தார். அவள் மூச்சு எடுத்தாள், ஏறினாள், பிடித்தாள். அந்தச் சுரம் மைதானம் தாண்டி, கடற்கரைச் சாலை தாண்டிப் போயிருக்கும். வாசித்துக்கொண்டே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் பேஸ்காரர்கள் கிளீட்டஸைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னண்ணே ஆச்சு? இறக்கமே வரலையே!" என்று அமலன் கத்தினான். "அதுக்குத்தானே நாங்க வந்ததே! மறந்துட்டீங்களா?"

கிளீட்டஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நோரீன் மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். கிளீட்டஸ் அவர் முன்னால் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார்.

"மாஸ்டர், இன்னைக்கு நான் எப்படி வாசிச்சேன்?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"கவனிக்கலையே அண்ணே. நான் பாப்பா பாடினதைக் கேட்டுட்டு இருந்தேன்."