பல்லி விட்டுச் சொன்னது

அந்தக் காலத்தில், சுவர் என்று ஒன்று இருந்த வீட்டிலெல்லாம் பல்லிதான் காவல், பல்லிதான் சேதி. வெளியே போன வீட்டுக்காரர் திரும்பியதும், பகல் முழுக்க நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும்.

உப்பளத்தில் உப்பு வாரும் உச்சிமாகாளிக்கு அந்தப் பேச்சே தண்டனை. கண் கூசி, பாதம் வெடித்து வருகிறவனிடம், காலையில் பூனை எட்டிப் பார்த்ததிலிருந்து தொடங்கும். பூனை கதை முடிவதற்குள் கஞ்சி ஆறிவிடும்.

அன்று அவன் வரும்போது பொழுது சாய இன்னும் நேரமிருந்தது.

"அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு சங்கதி. உச்சி வெயில்ல கதவு..."

"கதவ விடு. ஒன் வாய்க்கு முதல்ல ஒரு பூட்டு செய்யணும். சுருக்கமா மூணு பேச்சுல முடி. இல்லன்னா வெளக்குமாத்த எடுப்பேன்."

பல்லி திகைத்தது. அதுவரை அது எதையும் விட்டுச் சொன்னதில்லை. எதை வைப்பது, எதைத் தள்ளுவது? நடந்ததை வைத்துக்கொண்டது. அழுததையும் கேட்டதையும் தள்ளியது.

"தங்கச்சி வந்தா. கொஞ்ச நேரம் இருந்தா. போயிட்டா."

"பாத்தியா, சொல்ல வருதுல்லா?"

உச்சிமாகாளிக்கு மனசு குளிர்ந்தது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவளை, 'என் மொகத்துல முழிக்காத' என்று அவன் விரட்டி ஒரு வருஷம் ஆகிறது. அவளாகவே வந்திருக்கிறாள். நாளைக்குக் கருப்பட்டி வாங்கிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே வயிறாரக் கஞ்சி குடித்தான்.

மறுநாள் போனான். தங்கை ஆவுடையம்மாளின் குடிசை திறந்து கிடந்தது.

"நேத்தே புருசனோட கடல் தாண்டிப் போயிட்டாளே" என்றார் பக்கத்து வலைக்காரர். "இருட்டுற வரைக்கும் வள்ளம் நின்னுச்சு. கரையவே பாத்துட்டு இருந்தா, பாவி மக."

வீட்டுக்கு ஓடிவந்தான். "முழுசாச் சொல்லு!"

பல்லி சொன்னது: "'எனக்குப் போக மனசில்ல. அண்ணன் மொகத்துல முழிக்கவும் தைரியம் இல்ல. அண்ணனே துறைக்கு வந்து, எறங்குன்னு ஒரு வார்த்த சொன்னா வள்ளத்த விட்டு எறங்கிருவேன், அண்ணன்கிட்ட சொல்லிரு'ன்னு இந்தச் சுவரப் புடிச்சு அழுதா, அண்ணாச்சி."

"இத ஏன் நேத்து சொல்லல?"

"மூணு பேச்சுக்குள்ள அடங்கல."

அவன் விளக்குமாற்றை எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆறுதலாக ஏதாவது சொல்லப் பல்லி வாய் திறந்தது. எந்தச் சொல்லை எடுத்தாலும் எதையோ விட்டுவிடுவோம் என்று பயந்தது. 'த்சு, த்சு' என்று மட்டும் வந்தது.

"இன்னும் என்ன சொன்னா? சொல்லு" என்று விரலால் தரையைத் தட்டினான் உச்சிமாகாளி.

த்சு.

அன்று முதல்தான், பல்லி ஒலித்தால் நாம் பேச்சை நிறுத்தி விரலால் தரையைத் தட்டுகிறோம். கொஞ்சம் காத்திருக்கிறோம். அது மேலே எதுவும் சொல்வதில்லை.