பசிக்குச் சாட்சி கேட்ட ராஜா

புலியும் ராஜாவைக் கண்டால் ஒதுங்கி நின்ற காலத்திலே, செம்பாறை நாட்டை வீரகம்பளராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார். இரண்டையும் வாளைத் தட்டித்தான் சொல்வார்.

அந்த நாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு அரண்மனைச் செலவு. கோடை வந்து பள்ளிக்கூடம் பூட்டினால் சோறும் நின்றுவிடும். அந்த வருஷம் மந்திரி கூத்தபிரான், "பள்ளிக்கூடத்துக்குத்தானே விடுமுறை, அரசே? பிள்ளைகள் வயிற்றுக்கு யார் விடுமுறை விட்டது?" என்று கேட்டு, கோடையிலும் அடுப்பை எரிய வைத்தார். ஊர் அதற்கு 'மந்திரி சோறு' என்று பேர் வைத்துவிட்டது.

களஞ்சியக் கண்காணி ஏகம்பநாதருக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயிறு எரிந்தது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"அரசே, அரிசி உங்களுடையது. பேர் மட்டும் மந்திரியுடையதா?"

ராயரின் மீசை துடித்தது. "அதானே!"

"பசியில்லாத பிள்ளைகளும் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. காலையிலிருந்து பட்டினி என்று ஒரு சாட்சி சொல்லட்டும். சாட்சி உறவாக இருக்கக்கூடாது, பெற்றவள் பொய் சொல்வாள். அப்புறம் உச்சிவெயிலில் என் வீட்டு வாசலுக்கு நடந்து வரட்டும். நான் பார்த்து, சரி என்றால் சோறு."

"பலே!" என்றார் ராயர்.

கூத்தபிரான் யோசித்தார். இந்தச் சட்டம் வந்தால் ஒரு பிள்ளைக்கும் சோறு கிடைக்காது. ஆனாலும் கைகட்டி நின்று, "அருமையான சட்டம். ஒரு சந்தேகம். இது பிள்ளைகளுக்கு மட்டுமா? அப்படியென்றால், ராயருக்குப் பெரியவர்களிடம் பயம் என்று ஊர் பேசுமே" என்றார்.

"எனக்கா பயம்?" வாள் கணீர் என்றது. "களஞ்சியத்து அரிசியில் ஒரு பருக்கை தின்பவனும் சாட்சியோடு வரவேண்டும்! இதை நானே மீறினால் ராயனே இல்லை!"

"நாளையிலிருந்தே வைத்துக்கொள்வோம்," என்றார் மந்திரி, ரொம்பப் பணிவாக.

மறுநாள் மத்தியானம் ராயர் இலைமுன் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து வத்தக்குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. இலையில் மட்டும் ஒன்றும் விழவில்லை. சமையல்காரர் கைகட்டி நின்றார்.

"அரசே... சாட்சி?"

"மகாராணியைக் கேள்!"

"மகாராணி உறவாயிற்றே," என்றார் பக்கத்தில் நின்ற மந்திரி.

"காவலா, நீ சொல்லுடா!"

காவலன் பயந்துபோய் உள்ளதைச் சொன்னான். "காலையில் பனங்கற்கண்டுப் பால் சாப்பிட்டீங்க மகாராஜா. அப்புறம் ஒரு தட்டு ஆப்பம். அப்புறம்..."

"போதும்டா! என் வயிறே சாட்சி!"

"வயிறு வாதி, அரசே. வாதியே சாட்சி சொல்ல முடியுமா?"

பசி ஒரு பக்கம், சபையில் சொன்ன சொல் ஒரு பக்கம். சாட்சியை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ராயர் எழுந்தார். வெயிலில் கிரீடம் சுடும் என்று கழற்றி வைத்துவிட்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஏகம்பநாதர் வீட்டு வாசலில், சுவரோரம் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். கடைசியில் பேச்சாயி என்று ஒரு சின்னப் பெண், இடுப்பில் தம்பியோடு.

"ஐயா, எனக்குப் பின்னாடி நில்லுங்க."

"நான் யார் தெரியுமா?"

"பசிச்சவங்கதானே? வேற யாரு இங்க வரப்போறா?"

ராயர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். "கதவு எப்போது திறக்கும்?"

"அவரு சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும்னு சொன்னாங்க. நிக்காதீங்க, கிறுகிறுன்னு வரும். சுவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கோங்க. தம்பிக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

ராயர் சாய்ந்தார். கண்ணை மூடினார். பசியோடு இருப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும் என்பதும், அது இந்த இடுப்புக் குழந்தைக்குக்கூட இருக்கிறது என்பதும் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வயிறு பெரிதாகக் கத்தியது. தம்பி சிரித்தான்.

வெயில் சாயும் நேரத்தில் கதவு திறந்தது. ஏகம்பநாதர் நீளமாக ஒரு ஏப்பம் விட்டார்.

"இன்றைக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் நாளைக்கு வாருங்கள்."

"சாப்பாடு ஆயிற்றோ?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

"ஆயிற்று, ஆயிற்று. யாரப்பா துண்டுக்காரா, நீ?"

"எந்த அரிசி?"

"களஞ்சியத்து அரிசிதான். ஏன்?"

"சாட்சி யார்?"

"எனக்கு எதுக்கடா சாட்சி? சட்டத்தைச் சொன்னவனே நான்!"

ராயர் துண்டை எடுத்தார். ஏகம்பநாதருக்கு அடுத்த ஏப்பம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்தச் சமயம் மாட்டுவண்டியில் சோற்று அண்டாவோடு கூத்தபிரான் வந்து இறங்கினார். "அரசே, சாட்சி கிடைத்ததா?"

"நான் சொல்றேன்," என்றாள் பேச்சாயி. "இவருக்கு நிசமாவே பசிங்க. வயிறு கத்தினது எனக்கே கேட்டுச்சு."

"உனக்கு இவர் உறவா, தாயி?"

"இல்லீங்க. வரிசையில பாத்ததுதான்."

"இந்தப் பிள்ளைகளுக்கு நான் சாட்சி!" என்று ராயர் இரைந்தார். வாளைத் தட்டக் கை போயிற்று. வாள் அரண்மனையில் இருந்தது. "இனி கோடை முழுக்க ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு போடு! கூத்தபிரான், என்னை வெயிலில் நடக்க வைத்த உனக்குத் தண்டனையா, மாலையா?"

"சாப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அரசே. எனக்கு அதுதான் நல்லது."

தெருவிலேயே பந்தி. ராயர் பிள்ளைகளோடு உட்கார்ந்து தயிர்ச்சோறு வரை சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுத் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

"ஏகம்பநாதரே, இன்றுமுதல் உமக்குப் பந்தி விசாரிக்கிற வேலை. ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, 'இன்னும் கொஞ்சம்?' என்று கேட்க வேண்டும். கடைசிப் பிள்ளை போதும் என்கிறவரை நகரக்கூடாது."

ராயர் போனார், மந்திரி போனார், பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் போயின. பேச்சாயி மட்டும் தம்பிக்கு ஊட்டிவிட்டு, அப்புறம் நிதானமாகத் தான் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம்?" ஏகம்பநாதருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"கொஞ்சம் மோர்."

ஊற்றினார். குடித்தாள். இலையை மடித்தாள். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போதும் தாத்தா. நாளைக்கு உப்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுத் தெருமுனை திரும்பிப் போனாள்.