குட்டி நாய் கண்டுபிடித்த அரசர்

காற்று மனம் வைத்தால்தான் கப்பல் கரை சேரும் என்றிருந்த முன்னொரு காலத்தில், கடலோர ராஜ்யம் ஒன்றை மகுடவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. நினைத்தது நினைத்த நாழிகையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் தூர தேசத்து வியாபாரி ஒருவன் அவனுக்கு ஒரு நாய்க்குட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும் குட்டி. வளர்ந்தாலும் முழங்காலுக்கு எட்டாது, அந்த ஜாதியே அப்படித்தான் என்றான். அரசன் கை நீட்டினான். குட்டி திரும்பி ஓடி வியாபாரியின் அங்கிக்குள் ஒளிந்துகொண்டது. தன்னைக் கண்டால் நாடே ஓடி வரும்போது இது ஓடிப் போகிறதே என்று அரசனுக்குச் சுருக்கென்றது.

"ஒரு மண்டலம் தவணை. நாற்பத்தெட்டாம் நாள் இதைச் சபை நடுவில் விடுவோம். யாரும் கூப்பிடக்கூடாது. இதுவாகவே என்னிடம் வர வேண்டும். பழக்கித் தருவது யார்?"

சபை கூரையைப் பார்த்தது. ஆடைப் பண்டாரத்து அதிகாரி வில்வநாதர் மட்டும் எழுந்தார். அரசனின் உடுப்புகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அரசவையில் வேடிக்கை பேசும் விகடன் சடையாண்டி வாய் திறந்தால் அரசன் சிரிப்பதும், தான் வாய் திறந்தால் கொட்டாவி விடுவதும் அவருக்கு ஏழு வருஷத்து எரிச்சல்.

"எல்லார் மனசும் தெரிந்தவர் நம் சடையாண்டிதானே, அரசே. குட்டி தங்களிடம் வந்தால் அவருக்குப் பரிசு. அவரிடமே போனால் அரசரின் பொருளைத் தன்வசமாக்கிய குற்றம். யாரிடமும் போகாவிட்டால் ஆணையை நிறைவேற்றாத குற்றம். எந்தக் குற்றமானாலும் குடும்பத்தோடு எல்லைக்கு வெளியே போகட்டும். இன்னொன்று, அவர் வீட்டுப் பொருள் எதுவும் குட்டி மேல் படக்கூடாது. அரண்மனையிலிருந்து நான் அனுப்புவதை மட்டும், அனுப்பியபடியே பயன்படுத்த வேண்டும்."

அரசன் அப்படியே ஆணையிட்டான். சடையாண்டி குட்டியைப் பார்த்தான். சித்திரை வெயிலில் அது ஏன் நடுங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தான். பயப்பட வேண்டிய நேரத்தில் ஆவல் வந்துவிடும், அது அவன் வியாதி. அரசர் போர்த்திய பழைய சால்வை ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டான். கொடுக்கச் சொன்னான் அரசன்.

வீட்டில் மனைவி பூவாயி குட்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள்.

"ஏங்க, இது நாயா எலியா? இதுக்காகவா நம்மள ஊரை விட்டு அனுப்பப் போறாங்க?"

"அனுப்பினா அனுப்பட்டும். இது ஏன் நடுங்குதுன்னு முதல்ல தெரியணும்."

"நல்லா தெரிஞ்சுக்குங்க. நான் மூட்டை கட்டுறேன்."

சாயங்காலம் அரண்மனைப் பொருள்கள் வந்தன. நெய் மிதக்கும் பொங்கல், வேகவைத்த இறைச்சி, அரசனின் உருவம் தீட்டிய ஆளுயரப் படம், முத்திரையிட்ட சால்வை. குட்டிக்கு முகம் பழக வேண்டும் என்று படத்தை அனுப்பியதாகச் சேவகன் சொன்னான். சடையாண்டி சால்வையைப் பிரித்து முகர்ந்தான். உடனே தும்மினான். மூக்குப்பொடி. அரசன் பொடி போடுவதில்லை. அவன் மேல் சந்தனம் மணக்கும். சபையில் பொடி போடுகிறவர் வில்வநாதர் ஒருவர்தான். ஒரே சிவப்புக்கரைச் சால்வையை அரசன் தானும் போர்த்தி அதிகாரிகளுக்கும் கொடுத்திருந்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அரசரின் பழஞ்சால்வைகளைத் தன் வீட்டுப் பெட்டியில் சேர்த்துக்கொண்டு, நாய்க்கு இது போதும் என்று தன் பழசில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார் மனிதர்.

பூவாயி, இப்போதே போய் அரசரிடம் சொல்லுங்கள் என்றாள். சொன்னால், மாற்றி வைத்தது சடையாண்டிதான் என்று வில்வநாதர் சத்தியம் செய்வார். சடையாண்டி சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "அனுப்பினதை அனுப்பினபடியேதானே பயன்படுத்தச் சொன்னாங்க? பயன்படுத்திடுவோம்" என்றான்.

மறுநாளிலிருந்து அவன் வேலையெல்லாம் கவனிப்பதுதான். நடுக்கம் குளிரால் இல்லை. புதுச் சத்தம் கேட்டால் நடுங்கியது, சால்வைக்குள் சுற்றி வைத்தால் நின்றது. நெய்ப் பொங்கல் ஒரு வாய் தின்றதற்கே வயிறு கெட்டது. அரண்மனைப் பண்டம்தான் குட்டிக்கு என்றார்கள், எல்லாப் பண்டமும் குட்டிக்கு என்று சொல்லவில்லை. ஆகவே பொங்கலை அவனும் பூவாயியும் சாப்பிட்டார்கள். குட்டிக்கு இறைச்சியை நகக்கண் அளவு பிய்த்து, நாளைக்கு நான்கு வேளை. ஒரு வேளை தவறினாலும் துவண்டு விழுந்தது.

அரசனின் படத்தை அது ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழ் மூலையில் காலைத் தூக்கிற்று. சடையாண்டி துடைத்துவிட்டு, இது முகத்தைப் பார்த்து ஆளை அறிவதில்லை என்று தெரிந்துகொண்டான். சோதித்தும் பார்த்தான். முகத்தை மூடிக்கொண்டு சால்வையோடு நின்றான், வந்தது. முகத்தைக் காட்டிக்கொண்டு சால்வை இல்லாமல் நின்றான், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அதன்பின் சோறூட்டினாலும் தூக்கினாலும் தடவினாலும் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் செய்தான். தன் துணி குட்டி மேல் படக்கூடாது என்பதும் ஆணைதானே. நாள் முழுக்கத் தும்மினான்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் பூவாயி கேட்டாள்: "பழக்க தோஷத்துல உங்ககிட்டயே வந்துட்டா?"

அவனுக்கும் அந்தப் பயம் இருந்தது. தன் மேல் பொடி வாசனை துளியும் இருக்கக்கூடாது என்று சீயக்காய் போட்டு இரண்டு முறை தலை முழுகினான்.

சபை நிறைந்திருந்தது. அரசனுக்கு வலப்புறம் வில்வநாதர், விகடன் நாடு கடத்தப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆசையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குட்டியை நடுவில் விட்டார்கள். அது நடுங்கியது. மூக்கைத் தூக்கியது. நேரே சடையாண்டியை நோக்கி நடந்தது. வில்வநாதர் சந்தோஷத்தில் ஒரு சிட்டிகை பொடி எடுத்து உறிஞ்சினார்.

சடையாண்டியின் கால் பெருவிரலருகே குட்டி நின்றது. முகர்ந்தது. பிறகு தலையைத் திருப்பிச் சபைக் காற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தது. அடுத்த கணம் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. அரசனைத் தாண்டி ஓடி, வில்வநாதரின் மடியில் ஏறி, அவர் சால்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

அரசன் முகம் சிவந்தது. "சடையாண்டி, இதென்ன?"

"அரண்மனை அனுப்பியதை அனுப்பியபடியே பயன்படுத்த ஆணை, அரசே. அரசரின் சால்வை என்று முத்திரையோடு இது வந்தது. இதற்கு உடையவர்தான் அரசர் என்று குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது தன் அரசரிடம் போயிருக்கிறது. அவர் எப்போது முடிசூட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது."

வாசல் சேவகனிடம் விட்டு வந்திருந்த சால்வையை வரவழைத்து நீட்டினான். அரசன் வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். அடுத்தடுத்து ஐந்து முறை தும்மினான். ஐந்தாவது தும்மல் பாதியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. சபை அதற்காகத்தான் காத்திருந்தது. வில்வநாதர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மடியில் நடுங்குவதை நிறுத்தியிருந்த குட்டி, மடி நடுங்குகிறதே என்று நிமிர்ந்து பார்த்தது.

அவர் வீட்டுப் பெட்டியில் இருபத்திரண்டு ராஜ சால்வைகள் இருந்தன. அவருக்கும் தண்டனை ஒரு மண்டலம்தான். குட்டிக்கு அரசனின் வாசனை பழகும்வரை வில்வநாதர் சிம்மாசனத்துப் படியில் உட்கார்ந்து, மடியில் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றான் அரசன். நான்கு வேளைச் சோறும் அவரே ஊட்ட வேண்டும், நகக்கண் அளவு பிய்த்து.

பிறகு தான் போர்த்தியிருந்த சால்வையைத் தன் கையாலேயே எடுத்துச் சடையாண்டிக்கு நீட்டினான். சடையாண்டி அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. முதலில் முகர்ந்தான்.

"என்ன மணக்கிறது?" என்றான் அரசன்.

"சந்தனம், அரசே. கொஞ்சம் வியர்வை."

அரசன் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, வேறென்ன வேண்டும் என்று கேட்டான். தன் வீட்டுக்கு நெய்ப் பொங்கல் வருவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றான் சடையாண்டி. அன்றே மூட்டையை அவிழ்த்துவிட்ட பூவாயிக்கு அரண்மனைப் பொங்கல் அவள் ஆயுசு முழுக்க வந்துகொண்டிருந்தது.