பொடுதலை படுத்துக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், செடிகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, சிறுமலை அடிவாரத்தில் அங்கம்மாள் என்றொருத்தி இருந்தாள். அவள்தான் மலைமேலிருந்து ஒரு பன்னீர் ரோஜாப் பதியனை முதன்முதலாகக் கீழே கொண்டுவந்து நட்டவள். கீழ்மண்ணில் அது பிழைக்காது என்றார்கள். "பிழைக்க வைக்கிறேன்" என்றாள்.

சித்திரை வந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்து மண் வெடித்தது. ரோஜா இலைகளைச் சுருட்டிக்கொண்டது.

"புடுங்கிட்டு கத்திரி வை, புள்ள" என்றான் அவள் புருஷன் முத்திருளன்.

"செடியில கோளாறு இல்ல. வேரு சுடுது. மண்ணுக்கு ஒரு போர்வை போட்டாப் போதும்."

பூசணியைக் கேட்டாள். அது ஆசையாக வந்து அகல இலைகளை விரித்தது, மண் குளிர்ந்தது. ஆனால் கொஞ்ச நாளில் ரோஜாவின் மேலேயே ஏறிவிட்டது.

"அக்கா, காலு குளுந்துருச்சு. மூச்சுதான் முட்டுது" என்றது ரோஜா.

அங்கம்மாள் கொடியை நோகாமல் பிரித்து வேலிப் பக்கம் திருப்பிவிட்டாள். "உம் மேல குத்தமில்ல. நீ ஏறப் பொறந்தவ" என்றாள்.

அருகம்புல்லிடம் போனாள். "நான் வந்தா தண்ணி பூராத்தையும் நானே குடிச்சிருவேன்" என்று அது உள்ளதைச் சொல்லிவிட்டது.

அதற்குள் மண் மறுபடி வெடித்திருந்தது. வாய்க்கால் கரையில் பொடுதலைச் செடி நின்றது. அப்போதெல்லாம் அது இடுப்பளவு உயரம். உச்சியில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள். ரோஜாவின் காலடிக்கு வரச் சொல்லி அதையும் கேட்டாள்.

"நான் நிக்கிறவ. என் நிழல் அவ மேலல்ல விழும்?" என்றது பொடுதலை.

"படுத்துக்கோ."

"படுத்தா திரும்ப எந்திரிக்க முடியுமா?"

"தெரியாது."

"மிதிப்பாங்களே."

"மிதிப்பாங்க. பூப் பறிக்க வர்றப்ப நானே மிதிப்பேன்."

பொடுதலை ரோஜா இருந்த பக்கம் எட்டிப் பார்த்தது. "அவ எத்தன நாள் தாங்குவா?"

"நாளைக்கு உச்சி வெயில் வரைக்கும்."

"அப்ப ஏன் பேசிக்கிட்டு நிக்கிற? கூட்டிட்டுப் போ."

அங்கம்மாள் அதை வேரோடு பெயர்த்து ரோஜாவின் காலடியில் வைத்தாள். மறுநாள் வெயில் ஏற ஏற, பொடுதலை வளைந்து மண்ணில் படுத்தது. தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் இறங்கியது. ரோஜாத் தண்டின் பக்கம் அது தலையைக்கூடத் தூக்கவில்லை. சாயங்காலம் அங்கம்மாள் இலைக்கடியில் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது.

ரோஜா துளிர்த்து மொட்டுவிட்டதும், "இனி எந்திரி, அக்கா" என்றது.

பொடுதலை எழப் பார்த்தது. கணுவுக்குக் கணு மண் பிடித்துக்கொண்டிருந்தது. "இருக்கட்டும், எனக்கும் குளுகுளுன்னு இருக்கு" என்றது.

ரோஜா தன் முதல் பூவின் இதழ்களை அதன்மேல் உதிர்த்தது. அந்த இதழ்களின் இளஞ்சிவப்புச் சாயம் வெள்ளைப் பூக்களின் நடுவில் ஒட்டிக்கொண்டது.

முத்திருளன் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்றான். "மெத்து மெத்துன்னு இருக்கே. மலையிலேருந்து இன்னும் ரெண்டு ரோஜாப் பதியன் கொண்டு வரட்டுமா?"

"ஒரு பாத்திக்கே கொண்டா" என்றாள் அங்கம்மாள்.

அன்று முதல்தான் பொடுதலை எத்தனை பேர் மிதித்தாலும் மடியாமல் தரையோடு தரையாகப் படர்கிறது. ரோஜாவின் காலடிக்குத் துணைச்செடி தேடுகிறவர்களும் மேலே ஏறாத செடியாகப் பார்த்து வைக்கிறார்கள்.