அறுபது எழுத்து மனு

புலிக்குன்றத்து ராஜா மாணிக்கவேலருக்குப் புகழ்ச்சி என்றால் வெல்லம். அப்படிப்பட்டவரின் அரண்மனைக்கு ஒரு கணினி வந்தால் கேட்க வேண்டுமா! குடிமக்கள் தங்கள் குறையை அதில் தட்டி எண்டரை அழுத்தினால், ராஜாவின் எதிரே திரையில் தெரியும்.

அதற்கு அசெம்பிளி மொழியில் நிரல் எழுதியவன் அரசவைக் குறும்பன் இருளப்பன். பொல்லாத மொழி அது! எத்தனை எழுத்து வாங்குவது, எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் நாமே சொல்லித் தொலைக்க வேண்டும். "அறுபது எழுத்துக்கு இடம் விடு, தாராளம்" என்றார் மந்திரி அகத்தீசர்.

எங்கே தாராளம்? மனு என்றால் முதலில் ராஜாவின் பட்டங்களைச் சொல்லியாக வேண்டும். அறுபதும் அதிலேயே தீர்ந்துவிடும். திரையில் வெறும் வாழ்த்துதான் வரும். "பார்த்தீர்களா, என் நாட்டில் ஒருவனுக்கும் குறையில்லை!" என்று ராஜா பூரித்துப் போவார்.

கீழக்குளத்துக் கருக்குவேலும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டான். அவன் ஊர் ஏரியின் மதகு உடைந்து தண்ணீரெல்லாம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஏரி வற்றினால் ஊரே பட்டினி. மதகுக்கென்று வந்த மரத்தில் மந்திரி தன் வீட்டுக்கு ஊஞ்சல் செய்துகொண்டார்.

இருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, மனுக்களை அளந்து பார்த்தேன். எல்லாமே சரியாக அறுபது எழுத்து. ஊரில் எல்லாருக்குமா ஒரே அளவில் பேச்சு வரும்? மிச்சம் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது."

"அபாண்டம்!" என்று குதித்தார் மந்திரி.

ராஜாவுக்கும் கோபம். "மிச்சத்தை இந்தத் திரையில் காட்டு. நிரலைத் தொடாதே. ஒரு எழுத்துகூடத் தட்டாதே. காட்டாவிட்டால் நாட்டை விட்டே ஓடு!"

"உத்தரவு" என்றான் இருளப்பன்.

கருக்குவேல் வந்தான். பட்டங்களையும் குறையையும் தட்டி எண்டரை அழுத்தினான். வழக்கம்போல வாழ்த்து மட்டும் வந்தது. ஒவ்வொரு மனுவுக்கும் பிறகு கணினியை அணைத்து, திருஷ்டிக்குச் சூடம் காட்டி, மறுபடி எழுப்புவது மந்திரி வைத்த வழக்கம். காவலன் சூடத்தைத் தேடினான். காணோம். அது இருளப்பனின் மடியில் பத்திரமாக இருந்தது.

"ஒருநாள் சூடம் காட்டாவிட்டால் குடியா முழுகிவிடும்? அணைக்க வேண்டாம், அடுத்த மனுவை வாங்கு!" என்று எரிந்து விழுந்தார் ராஜா.

இருளப்பன் கணினி முன் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். காவலன் அடுத்த மனுவைத் தொடங்கி வைத்ததுதான் தாமதம், திரையில் எழுத்துகள் வந்து நின்றன: 'மதகு உடைஞ்சு கிடக்கு சாமி. அதுக்கு வந்த மரம் மந்திரி வீட்டு ஊஞ்சலா ஆடுது.'

"ஐயையோ, சூனியம்!" என்று மந்திரி அலறினார்.

"சூனியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கருக்குவேல் தட்டியதில் மீந்தது இது. இடம் போதாவிட்டால் மிச்ச எழுத்தெல்லாம் வாசலிலேயே காத்திருக்கும். அடுத்த மனு வாங்கும்போது அதுதான் முதலில் உள்ளே வரும். நடுவில் கணினியை அணைத்தால் போச்சு! இத்தனை நாளும் மந்திரியின் சூடத்தோடு எரிந்ததெல்லாம் ஜனங்களின் குறைதான், மகாராஜா."

ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஊஞ்சலைக் கழற்றுங்கள்! மந்திரியே தோளில் சுமந்துபோய் மதகை அடைக்கட்டும்!" கருக்குவேல் ஓவென்று அழுதுவிட்டான்.

"இருளப்பா, இனி அந்த அறுபதை அறுநூறாக்கிவிடு" என்றார் ராஜா.

"வேண்டாம் மகாராஜா."

"ஏனப்பா?"

"அறுநூறு எழுத்துக்குப் பட்டம் கண்டுபிடிக்க இந்தச் சபையில் ஆளா இல்லை?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பட்டங்களை அன்றே ஒழித்துக் கட்டினார்.