அமுக்கிப் போட்டா சேந்துரும்

திருநெல்வேலி ஜங்ஷனில் ஆவுடையப்பன் அண்ணாச்சி கடையில் கேமரா, பைனாகுலர் எல்லாம் விற்பனைக்கு. வாய்ச்சவடால் மட்டும் இலவசம். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் இசக்கிச்செல்வி அங்கேதான் தன் டெலஸ்கோப்புக்கு ஓர் ஐபீஸ் வாங்கினாள். வீட்டில் மாட்டிப் பார்த்தால், கண்ணை வைக்கிற அந்தக் குழல், டெலஸ்கோப்பில் அதைச் செருகும் துளையைவிடப் பெரிதாக இருந்தது. சாயங்காலம் தெருவுக்கே நிலா காட்டுவதாக வேறு சொல்லிவிட்டாள். உச்சிவெயிலில் கடைக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி, இது சேரல. மாத்திக் குடுங்க.”

“ஒனக்கு என்னம்மா தெரியும்? பெருசோ சிறுசோ, ரெண்டும் ஒரே சாமான்தான். கொஞ்சம் அமுக்கிப் போட்டா சேந்துரும். வித்தது வித்ததுதான்.”

“சரிங்க அண்ணாச்சி.”

கடைக்குள் சாமி படம் இருப்பதால் அண்ணாச்சியும் வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார். செல்வி அவருடைய புதுத் தோல்செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“ஏ பிள்ளே, என் செருப்பு!” என்று அண்ணாச்சி பாய்ந்து வந்தார். தார்ரோடு சுட்டது. குதித்துக் குதித்து அவளுடைய குட்டிச் செருப்பில் ஏறி நின்றார். கட்டைவிரல்தான் நுழைந்தது.

“ரெண்டும் செருப்புதான அண்ணாச்சி, கொஞ்சம் அமுக்கிப் போடுங்க, சேந்துரும். போட்டது போட்டதுதான்.”

டீக்கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரியான ஐபீஸ் கைமாறியது; செருப்பும் கைமாறியது.

சாயங்காலம் நிலா பார்க்க நின்ற வரிசையில் அவரும் நின்றார், செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.