வாத்து முட்டைக்குக் காத்தாடி

ரெண்டு மலை சேந்து காத்து ஊதுற ஒரு ஊர்ல, உலகம்மான்னு ஒருத்தி இருந்தா. 'ம்' சொல்லணும், என்ன? அவ வாத்த நரி தூக்கிட்டுப் போயிருச்சு. அடை வச்ச முட்டையெல்லாம் அநாதையாக் கெடந்துச்சு. அவ அத வைக்கோல் பெட்டியில அடுக்கி, மேல குண்டு பல்பத் தொங்கவிட்டு, சூடு காட்டிக்கிட்டிருந்தா. அப்போ அடிச்ச காத்துல கரண்டுக் கம்பம் மடார்னு சாஞ்சுது. பல்பு அணைஞ்சுபோச்சு. முட்டை ஆறிட்டா உள்ள இருக்குற குஞ்சு செத்துருமே!

முட்டையெல்லாம் மடியில கட்டிக்கிட்டு, "ஏங்க, அந்தக் காத்தாடிய இப்பவே மாட்டுங்க"ன்னா. காத்துலருந்து கரண்டு எடுக்குற குட்டிக் காத்தாடி. அவ புருசன் சொரிமுத்து பேட்டரியோட வாங்கி மூலையில போட்டு வச்சிருந்தான்.

அவன் அத மாடியில, தண்ணித்தொட்டிக்குப் பின்னால மாட்டினான். லொடக்... லொடக்... நின்னுபோச்சு. தொட்டி காத்த மறிச்சுக்கிச்சு.

அப்புறம் வீட்டுச் செவுத்துலயே இறுக்கி மாட்டினான். சுத்துச்சு. ஆனா வீடே ங்ங்ங்னு அதிருது! தட்டெல்லாம் கடகடன்னு உருண்டு விழுது. அவன் அம்மா பூரணம் ஓடியாந்து, "இது வீடாடா, மாவு மில்லாடா?"ன்னா.

தூங்கிட்டியா? 'ம்' சொல்லு.

அப்புறம் வீட்ட விட்டுத் தள்ளி, தோட்டத்து மேட்டுல, உசரமான கம்பத்துல மாட்டி, கம்பத்த நிமித்தி நட்டான். தென்னையெல்லாம் ஆடுது, காத்தாடி மட்டும் அசையல. மடியில முட்டை ஆறிக்கிட்டே வருது. உலகம்மாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அண்ணாந்து பாத்தா, காத்தாடி வால்ல ஒரு பூசணிக்காய்! மீசை, கண்ணெல்லாம் வரைஞ்சு தொங்குது.

"அத்தை, என்ன இது?"

"புதுசா ஒண்ணு வந்தா ஊருக்கண்ணு படாதா? கம்பம் படுத்துக் கெடந்தப்பவே கட்டிட்டேன்."

"ஐயோ, வால் திரும்புனாத்தான அது காத்துக்கு மொகங்காட்டும்! உங்க கயிறு கம்பத்துல சுத்தி இழுத்துப் புடிச்சிருக்கு!"

"அப்போ கண்ணு பட்டா?"

"முதல்ல முட்டை பொழைக்கட்டும் அத்தை!"

சொரிமுத்து ஏணி போட்டு ஏறிக் கயித்த அறுத்தான். பூசணி படார்! காத்தாடி மெதுவாத் திரும்புச்சு. அப்புறம் விர்ர்ர்ர்...

பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. முட்டையெல்லாம் பெட்டிக்குப் போச்சு. ஆனா உயிர் இருக்கா? யாருக்கும் தெரியல. மூணு பேரும் பெட்டியச் சுத்தி உக்காந்திருந்தாங்க.

பூரணம்தான் ஒரு முட்டைய எடுத்துக் காதுல வச்சா.

டொக்... டொக்...

"ஏட்டி உலகு, கொத்துதுட்டி!"ன்னு சொல்லி மருமகளக் கட்டிப் புடிச்சு அழுதா. அழுதுக்கிட்டே சிரிச்சா.

குஞ்செல்லாம் ஓட்ட ஒடச்சு வெளிய வந்து கதகதப்பாப் படுத்துருச்சு, கதையும் படுத்துருச்சு. நீயும் படு, கண்ண மூடு.